ஒரு பந்தில் மூன்று பேர்

இத்தாலியின் பலெர்மோ நகரில் சீசா, ஒரேத்தோ என்ற இரண்டு பகுதித் தமிழ்ப் பிள்ளைகளின் பேஸ்போல் ஆட்டத்தை, வேலைக்குப் போன பெற்றோருக்காகக் கைபேசி நேரலையில் வர்ணிக்க ஒருவர் இருந்தார். மெலிந்தவர், சட்டையில் ஏழு பொத்தான்களுக்கு ஆறுதான் இருந்தன. சந்தேகம் வந்தால் மைக்கை உள்ளங்கையால் பொத்திக்கொள்வார். போன முறை அவர் அவசரப்பட்டு வெற்றியைத் தவறாக அறிவித்ததில் தகப்பன்மார் கைகலந்தார்கள். இன்னொரு பிழை வந்தால் ஆட்டமே கிடையாது என்று மைதானம் தந்த பங்குத்தந்தை எச்சரித்திருந்தார். பக்கத்திலிருந்து கணக்கெழுதிய நானும் எதையும் மூன்று முறை எண்ணினேன்.

கடைசிச் சுற்றில் சீசா ஓர் ஓட்டம் முன்னே நின்றது. மூன்று பேர் ஆட்டமிழந்தால் சுற்று முடியும்; ஒரேத்தோவில் இன்னும் ஒருவரும் ஆட்டமிழக்கவில்லை. இருவர் தளங்களில் நின்றார்கள். அடித்த பந்தைச் சீசாப் பையன் பாய்ந்து பிடித்தான். பந்து பிடிபட்டால் ஓடியவர்கள் பந்துக்கு முந்தித் தங்கள் தளத்துக்குத் திரும்ப வேண்டும். ஓடத் தொடங்கியிருந்த இருவரும் திரும்புவதற்குள் பந்து அவர்களின் தளங்களுக்குப் போய்விட்டது.

அவர் மைக்கைப் பொத்திக்கொண்டு என்னிடம் திரும்பினார்.

“அண்ணை, எத்தினை பேர் அவுட்?”

“மூண்டு. எண்ணினனான்.”

“ஒரு பந்திலையோ? முந்தி எங்கையும் கண்டனீங்களோ?”

“இல்லை.”

“அப்ப எப்பிடி நம்பிறது? பிழைச்சால் என்னை உரிச்சுப்போடுவாங்கள். நடுவர் சொல்லட்டும்.”

பதினொரு விநாடிகள் நேரலையில் சத்தமில்லை. “என்ன நடந்தது?” என்று கைபேசியில் ஒன்பது பேர் கேட்டுவிட்டார்கள். நடுவர் மூன்று விரல்களை உயர்த்தினார்.

வர்ணனையாளர் எழுந்து நின்று, பிடித்ததையும் எறிந்ததையும் வென்றதையும் ஒன்றுவிடாமல் சொன்னார். அப்படியொரு அழகான வர்ணனையை நான் கேட்டதில்லை. நேரலையில் எவருமே அதைக் கேட்கவில்லை. அவருடைய உள்ளங்கை மைக்கை இறுக்கி மூடியபடியே இருந்தது. கையை எடுங்கோ என்று சொல்ல எனக்கும் துணிவு வரவில்லை. அதற்குள் நான் அவுட்டானவர்களை நான்காவது முறையாக எண்ணத் தொடங்கியிருந்தேன்.