பழம் வெட்டணும், ஓ.டி. வர முடியாது

என் மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம்தான் நானும் ஒரகடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். கார்களுக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்துத் தரும் கம்பெனி. காலையில் கம்பெனி பஸ் படப்பையில் ஏற்றிக்கொள்ளும், சாயங்காலம் இருட்டுவதற்குள் அதே இடத்தில் இறக்கிவிடும். மகளின் பள்ளி வேன் அதற்கு வெகுநேரம் முன்பே வந்துவிடும். கணவர் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். துறைமுகத்து வரிசையில் மாட்டிக்கொண்டால் எப்போது வீடு திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. அதனால் இரண்டு தெரு தள்ளி இருந்த அவருடைய அக்கா வீட்டில் மகளை விடுவது என்று முடிவானது. அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன்.

தினமும் நான் கூட்டிக்கொண்டு வரப் போகும்போது மகளின் விரல் நுனிகள் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். வாயைச் சுற்றிலும் அதே நிறம். கடை வாசலில் தொங்கும் சரத்திலிருந்து பெட்டிக்கடைக்காரர் கிழித்துத் தருவாரே, அந்தக் கார நொறுக்குத்தீனிப் பாக்கெட். வீட்டுக்கு வந்து சோறு பிசைந்தால் இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. ஒரு வாரம் பார்த்தேன். பிறகு தயங்கித் தயங்கி அண்ணியிடம் சொன்னேன்.

“அண்ணி, பாக்கெட் வேணாமே. வேற ஏதாவது குடுக்கலாமே.”

அவர் அரிசி களைந்துகொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. “பசிக்குதுன்னு அழுதா நான் இன்னா பண்றது? எனக்கு என் வூட்டு வேலையே தலைக்கு மேல கீது. உனக்கு அவ்ளோ அக்கறைன்னா வேலைய வுட்டுட்டு வூட்ல குந்து.”

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தேன். கோபம் காதுவரை ஏறியிருந்தது. ஒரு குழந்தையின் நாலு மணிப் பசிக்கு என் வேலையையே விலையாகக் கேட்கிறார்கள். வேலையையும் விடமாட்டேன், பிள்ளையையும் அந்தத் தூளைத் தின்ன விடமாட்டேன் என்று வீடு போய்ச் சேருமுன் முடிவு செய்துவிட்டேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் காலையில் எழுந்து ஆப்பிளும் பப்பாளியும் வாழைப்பழமும் நறுக்கி ஒரே டப்பாவில் போட்டு அண்ணி வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். பெரிதாகச் சாதித்துவிட்ட நினைப்பு. சாயங்காலம் போனால் டப்பா கழுவி வாசலில் கவிழ்த்து வைத்திருந்தது. ஆப்பிள் பழுப்பாகிவிட்டதாம், வாழைப்பழம் கறுத்துவிட்டதாம், பப்பாளி விட்ட தண்ணீரில் எல்லாம் மிதந்ததாம்.

“அழுவிப்போன பழத்த பசங்களுக்குக் குடுக்கறதுக்கு பாக்கெட்டே மேல்” என்றார் அண்ணி. மகளின் விரல் நுனி மறுபடியும் ஆரஞ்சாக இருந்தது.

விடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை படப்பை ரோட்டோரத் தள்ளுவண்டிகளில் பை நிறையப் பழம் வாங்கி வந்து சமையலறைத் தரையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். எது வெட்டினால் காத்திருக்கும், எது காத்திருக்காது என்று பார்த்துவிடுவது என்ற வீம்பு. மாதுளை நன்றாகக் காத்திருந்தது. முத்துக்களை ஈரமில்லாத டப்பாவில் போட்டால் வாரத்தின் நடுப்பகுதிவரை கவலை இல்லை. திராட்சையைக் கழுவி, துணியில் உருட்டி ஈரம் போக்கி வைத்தால் அதுவும் அப்படியே. ஆப்பிள் துண்டுகளைச் சிறிது நேரம் உப்புத் தண்ணீரில் போட்டு எடுத்தால் பழுப்பு ஏறுவதற்குச் சாயங்காலம் கடந்துவிடும். பப்பாளியை மட்டும் முந்தின நாள் வெட்டி, எலுமிச்சை பிழிந்து, தனி டப்பாவில் வைக்கவேண்டும். வாழைப்பழம் என்னைப் பல வாரம் தோற்கடித்தது. கடைசியில் வில்லை வில்லையாக நறுக்கித் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி ஃப்ரீசரில் வைத்தேன். கல்லாக உறைந்ததும் டப்பாவில் கொட்டி மறுபடியும் ஃப்ரீசருக்கு அனுப்பினேன். வெளியே எடுத்துக் கொஞ்ச நேரம் விட்டால் ஐஸ்கிரீம் போலக் கரைந்தது. தர்பூசணியை அரைத்து, சின்ன டம்ளர்களில் ஊற்றி, ஆளுக்கொரு ஸ்பூனைக் குத்தி உறைய வைத்தால் குச்சி ஐஸ். கொட்டை நீக்கிய பேரீச்சையையும் வறுத்த வேர்க்கடலையையும் இடித்து உருட்டினால் ஒரு வாரம் தாங்கும். காலையில் அன்றைய டப்பாவை அண்ணி வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவேன்.

மாம்பழக் காலத்தில் விழுதை அரைத்து, நெய் தடவிய தட்டில் மெல்லிசாக ஊற்றி மொட்டைமாடியில் காயவைத்தேன். எங்கள் தெருவுக்கு அந்தப்பக்கம் நாளெல்லாம் லாரி ஓடும். முதல் தடவை மாம்பழத்தைவிட ரோட்டுப் புழுதிதான் அதிகமாகக் காய்ந்திருந்தது. மொத்தத்தையும் கொட்டிவிட்டு, அடுத்த தடவை கணவரின் பழைய வேட்டியை மேலே இழுத்துக் கட்டினேன்.

இதற்கெல்லாம் எனக்கு இருந்தது ஞாயிறு ஒன்றுதான். அந்த ஞாயிற்றைத்தான் சூப்பர்வைசர் கேட்டார். அவசரமாக அனுப்பவேண்டிய ஆர்டர், லைனில் இருக்கிற எல்லோரும் ஓ.டி., அதாவது ஓவர்டைம், வரவேண்டும் என்றார்.

“நான் வரல சார்.”

“ஏம்மா? உடம்பு சரியில்லையா? ஊருக்குப் போறியா?”

ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. “பழம் வெட்டணும் சார். பாப்பாவுக்கு அந்த வாரத்துக்கு எடுத்துவெக்கணும்.”

லைன் முழுக்கச் சிரிப்பு. அவரும் சிரித்தார். “பழம் வெட்றதுக்கு லீவா?”

“லீவு இல்ல சார். ஞாயித்துக்கிழமை என்னுது. ஓ.டி. இஷ்டம் இருந்தா வர்றது.”

அவர் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது. அடுத்த நாளிலிருந்து என்னை லைன் கடைசியில், நாள் முழுக்க நின்றுகொண்டே ஒயர் கட்டுகிற பலகைக்கு மாற்றினார். கேன்டீனில் கூட வேலை செய்கிறவர்கள் என் தட்டைப் பார்த்ததும், “இன்னா பழம், சாப்ட்டாச்சா?” என்று கேட்பார்கள். கால் வலித்தது. ஆனால் ‘பழம்’ என்ற அந்தப் பட்டப்பெயர் எனக்கு வலிக்கவில்லை. “சாப்ட்டாச்சு, உங்க வூட்ல இன்னா?” என்று திருப்பிக் கேட்பேன்.

பிறகு மகளுக்குக் காய்ச்சல் வந்தது. நெற்றி கொதித்தது, இருமலும் சேர்ந்துகொண்டது. அண்ணி வந்து பார்த்துவிட்டு என் எதிரிலேயே தம்பிக்கு போன் போட்டார். “ஐஸ்ல வெச்ச பழத்தக் குடுத்துக் குடுத்துக் கொழந்தையச் சாய்ச்சிட்டா உன் பொண்டாட்டி.”

கணவர் என்னிடம் பேசினார். பின்னால் ஹாரன் சத்தம். “கொஞ்ச நாளைக்கு நிறுத்தித்தான் பாரேன்” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது. அதுதான் என்னை அதிகமாகச் சுட்டது. அவரும் நம்பிவிட்டாரே என்று.

லீவு போட்டு டாக்டரிடம் தூக்கிப் போனேன். அங்கே உட்கார இடமில்லை. மகளின் பள்ளிச் சீருடையிலேயே பாதிப் பேர், எல்லோருக்கும் அதே காய்ச்சல், அதே இருமல். இவர்கள் எல்லோரும் என் ஃப்ரீசரிலிருந்தா தின்றார்கள்? பழம் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். “தாராளமா குடுங்க, தண்ணியும் நிறையக் குடுங்க” என்றார் அவர். அன்றே கணவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். “சரி, உன் இஷ்டப்படியே செய்” என்றார்.

காய்ச்சல் விட்டதும் டப்பாவோடு போனபோது அண்ணி வாசலிலேயே நின்றார். “இனிமே என் வூட்டு ஃப்ரிட்ஜ்ல இதெல்லாம் வெக்காத.”

“சரி அண்ணி, வெக்கல. பாப்பாவையும் வுடல.”

வாய் சொல்லிவிட்டது. நாலு மணிக்குக் கதவைத் திறக்க ஆள் வேண்டுமே!

எங்கள் மாடியில் பக்கத்துப் போர்ஷனில் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்கள் மூன்று பேர் வாடகைக்கு இருந்தார்கள். வேறொரு கம்பெனியில் நைட் ஷிஃப்ட். பகலெல்லாம் தூங்கி எழுவார்கள். படியில் பார்த்தால் சிரிப்போம், அவ்வளவுதான் பழக்கம். வெட்கத்தை விட்டுக் கதவைத் தட்டினேன்.

விஷயத்தைக் கேட்டதும் மூத்தவள் சொன்னாள்: “இதுல என்னக்கா இருக்கு? நாங்க நாலு மணிக்கு முழிச்சிருவோம்லா. புள்ளைய நாங்க பாத்துக்கிடுதோம்.”

“சும்மா வேணாம். உங்களுக்கும் சேர்த்துப் பழம் வெச்சிட்டுப் போறேன்.”

கடைக்குட்டி உள்ளேயிருந்து கத்தினாள்: “அக்கா, எனக்கு அந்த வாழைப்பழ ஐஸ்! புள்ள திங்கத மாடியில வச்சுப் பாத்திருக்கேன்!”

அதிலிருந்து நாலு பேருக்கு வெட்டினேன். தூங்கி எழுந்ததும் டீயும் பன்னுமாக ஷிஃப்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள், என் மகளோடு வட்டமாக உட்கார்ந்து மாதுளையும் கொய்யாவும் தின்றார்கள். மிளகாய்த்தூளும் உப்பும் கலந்து கொய்யாவுக்குத் தொட்டுக்கொள்ள அவர்கள் பழக்கியதில் மகள் பப்பாளியை அறவே ஒதுக்கிவிட்டாள். எவ்வளவோ எலுமிச்சை பிழிந்து பார்த்தேன். இன்றுவரை தொடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களில் யாராவது ஒருத்தி கத்தியோடு வந்து உட்காருவாள். அவர்களும் அன்றைக்கு ஓ.டி. போவதில்லை என்று சொன்னால் பொய். மற்றவர்கள் போனார்கள், ஊரில் கட்டும் வீட்டுக்குப் பணம் வேண்டியிருந்தது. நான் போகவில்லை.

அண்ணி மாறவில்லை. ஒவ்வொரு விசேஷத்திலும் நாலு பேர் கேட்க, “இவ பொண்ணு ஐஸ்லயே வளந்தது” என்பார். “ஆமா அண்ணி, நல்லா வளந்திருக்கு” என்பேன்.

மகள் இப்போது ஏழாம் வகுப்பு. போன மாதம் பெற்றோர் கூட்டம். ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் நேராகப் போய் மகளின் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிள்ளைகள் கண்டதைத் தின்பதைப் பற்றி வகுப்பு டீச்சர் பேசினார். நன்றாகத்தான் பேசினார். இடையில், “வேலைக்குப் போற அம்மாங்க கொஞ்சம் கவனிக்கணும்” என்றார்.

எழுந்து நின்றேன். “மிஸ், அப்பாங்களும் வேலைக்குத்தான போறாங்க? நீங்களும் போறீங்க. எங்களை மட்டும் ஏன் தனியா சொல்றீங்க?”

பின் வரிசையில் யாரோ கை தட்ட ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். டீச்சரின் முகம் சிவந்தது. “எல்லா பேரன்ட்ஸும் கவனிக்கணும்” என்று திருத்திச் சொன்னார்.

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் மகள் என் பக்கம் திரும்பவே இல்லை. “ஏம்மா எல்லார் முன்னாடியும் மானத்த வாங்கற?” என்றாள் இறங்கும்போது.

“யார் மானம் போச்சு?” என்று கேட்டேன்.

அவள் எனக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தாள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. மறுபடியும் அப்படி யாராவது சொன்னால் மறுபடியும் எழுந்து நிற்பேன்.