ஞாயிறுதோறும் ஸ்டார்ட் ஆன அம்பாசடர்

1. கேட்டைத் தாண்டினால்தான் கார்

தாபோடியில் நான் கேரேஜ் போட்டு முப்பது வருஷம் தாண்டிவிட்டது. கிளட்ச் விஷயத்தில் எந்த வண்டியும் என்னை ஏமாற்ற முடியாது என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. நியாயமான திமிர்தான். பக்கத்து ஏரியாவான ஔந்தில் ஒரு பழைய அம்பாசடர் மட்டும் அதை ஒரு நாள் இறக்கி வைத்தது. தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன்.

வண்டி கவிதா மேடத்தினுடையது. கோயம்புத்தூர்க்காரர், மகர்பட்டாவில் ஐ.டி. வேலை. ஸ்டியரிங்கோடு கியர் இருக்கிற மாடலைத் தேடிப் பிடித்து வாங்கி, பளபளவென்று வைத்திருந்தார். மழைக்காலம் முழுக்க வண்டியைக் கவர் போட்டு மூடிவிடுவார். போன வருஷம் கவரை எடுத்துப் பார்த்தால் கியர் விழவில்லை.

அதற்குள் அவருடைய அபார்ட்மென்ட் சொசைட்டியில் புது ரூல் வந்துவிட்டது. ஓடாத வண்டி பார்க்கிங்கில் நிற்கக்கூடாது. அந்த ஞாயிறு காலை பத்து மணிக்குள் தன் இன்ஜினிலேயே கேட்டைத் தாண்டிப் போய்த் திரும்பி வரவேண்டும். கட்டி இழுத்துப் போனால் பார்க்கிங் ஸ்டிக்கர் ரத்து. சனிக்கிழமை காலை நான் போனபோது சொசைட்டி சேர்மன் அங்கேயே நின்றிருந்தார்.

"காடி சலேகி தோ ரஹேகி. நஹீ தோ பங்கார்," என்றார். ஓடினால் இருக்கும், இல்லாவிட்டால் காயலான் கடைக்கு.

மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்கு வேற எடம் கெடையாதுங்கண்ணா. வெளிய போச்சுன்னா வித்துத்தானுங்க ஆகோணும்."

"இன்னா மேடம் நீங்க, நான் இருக்கேன்ல? நாளைக்கி நீங்களே ஓட்டினு வருவீங்க பாருங்க."

2. சனிக்கிழமை நான் சொதப்பியது

இன்ஜின் ஒரே சாவியில் பிடித்தது. கிளட்ச்சை மிதித்து ஃபர்ஸ்ட் கியர் போட்டால் 'கர்ர்' என்று அரைத்தது. அதாவது, கிளட்ச் விடவில்லை. பெடலின் அழுத்தம் கீழே போய்ச் சேராமல் இருக்கலாம். சேர்ந்தும், கிளட்ச் பிளேட் துருப்பிடித்து ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஈரத்தில் நின்ற வண்டிக்கு முதல் சந்தேகம் பிளேட் மேல்தான் வரவேண்டும்.

"மழைல வண்டிய ஸ்டார்ட் பண்ணீங்களா?" என்று கேட்டேன்.

"வாராவாரம் ஞாயித்துக்கெழமை பத்து நிமிசம் ஓட உடுவனுங்க. ஒரு வாரம் தவறுனதில்லீங்க."

அந்தப் பதிலை நம்பி, பிளேட் ஒட்டியிருக்காது என்று முடிவு கட்டினேன். பெடல் அழுத்தத்தைக் கீழே கடத்துகிற மாஸ்டர் சிலிண்டர், ஸ்லேவ் சிலிண்டர் இரண்டுக்கும் ரப்பர் கிட் மாற்றி, லைனில் இருந்த ஏர் எடுத்து முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. பெடல் கல் மாதிரி நின்றது. கியர் போட்டேன். மறுபடியும் 'கர்ர்'. மேலே பால்கனியில் சேர்மன் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அப்புறம்தான் மேடத்தைப் பெடல் மிதிக்கச் சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். ஸ்லேவின் புஷ் ராடு முழுசாக அரை அங்குலம் நகர்ந்தது. அழுத்தம் ஒழுங்காகத்தான் போகிறது. இரண்டு நிமிஷச் சோதனை. காலையிலேயே செய்திருக்க வேண்டும். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

எழுந்து வந்து சொன்னேன்: "மேடம், ஞாயித்துக்கெழமை எப்டி ஸ்டார்ட் பண்ணுவீங்களோ, அப்டியே எனக்குப் பண்ணிக் காட்டுங்க."

உட்கார்ந்தார். நியூட்ரலில் இருக்கிறதா என்று கியரை ஆட்டிப் பார்த்தார். சாவியைத் திருப்பினார். இடது கால் தரை விரிப்பின் மேலேயே கிடந்தது.

"கிளட்ச்ச மிதிக்க மாட்டீங்களா?"

"நியூட்ரல்ல தானுங்களே இருக்குது? எதுக்குங்க மிதிக்கோணும்?"

நாலு மாதமாக அந்தப் பிளேட்டை யாருமே ஃப்ளைவீலிலிருந்து பிரிக்கவில்லை. இன்ஜின் ஓடினால் இரண்டும் சேர்ந்து சுற்றும், அவ்வளவுதான். அவர் அக்கறையாகத்தான் பார்த்துக்கொண்டார், ஆனால் ஒருமுறைகூட மிதிக்கவில்லை.

3. ஞாயிறு காலை

பார்க்கிங்கில் கியர்பாக்ஸ் இறக்க விடமாட்டார்கள். அதற்கு நேரமும் இல்லை. ஆனால் இறக்காமலே பிளேட்டைப் பிரிக்க ஒரு வழி உண்டு. இன்ஜினை நன்றாகச் சூடேற்றி அணைத்தேன். வாட்ச்மேனிடம் கேட்டை முழுசாகத் திறந்து, ரோட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். ஏனென்றால் கிளம்பினால் இந்த வண்டி இடையில் நிற்காது. ஃபர்ஸ்ட் கியரில் போட்டு, கிளட்ச்சைத் தரை வரை மிதித்தபடி சாவியைத் திருப்பினேன். வண்டி ஸ்டார்ட்டரிலேயே குதித்துக் கிளம்பிக் கேட்டைத் தாண்டியது.

பின்பக்கத் தெரு காலியாக இருந்தது. கிளட்ச்சிலிருந்து காலை எடுக்காமல் ஆக்ஸிலேட்டரை அழுத்தினேன், சட்டென்று விட்டேன். மறுபடி அழுத்தினேன், விட்டேன். பக்கத்தில் மேடம் கதவுக் கைப்பிடியை விடவே இல்லை. ஐந்தாவது தடவை அடியில் 'டக்' என்றது. பிளேட் பிரிந்துவிட்டது. இன்ஜின் தனியாக உறுமியது, வண்டி தன்பாட்டுக்கு உருண்டது. மேடம் போட்ட கூச்சலில் நாய்கள் எழுந்தன. நானும் கத்தினேன் என்று ஒப்புக்கொள்கிறேன்.

இறங்கி இடம் மாறினோம். அவரே ஓட்டிவந்து கேட்டில் சேர்மன் முன்னால் நிறுத்தினார். இன்ஜின் ஓட ஓட, சத்தமே இல்லாமல் ஃபர்ஸ்ட் கியர் போட்டு உள்ளே போனார். சேர்மன் வாட்சைப் பார்த்தார். பத்தாக இருபது நிமிஷம் இருந்தது. "டீக் ஹை," என்று ஒப்புக்கொண்டார்.

"பழைய சிலிண்டர்ல ஒரு தப்பும் இல்ல மேடம். தப்பு எம்மேலதான்," என்று மேடத்திடம் சொல்லிவிட்டேன். கிட்டுகளின் காசை என் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

கஸ்டமர் பொய் சொல்வதில்லை. தான் செய்வதில் எது முக்கியம் என்று அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். அதனால் நான் இப்போதெல்லாம் கேட்பதோடு விடுவதில்லை, செய்து காட்டச் சொல்கிறேன்.

இரண்டு மாதம் கழித்து அதே சேர்மன் கேரேஜுக்கு வந்தார். புது வண்டி, அதற்குள் கிளட்ச் தேய்ந்து ஸ்லிப் ஆகிறதாம். "மை தீஸ் சால் ஸே காடி சலா ரஹா ஹூ," என்று தன் முப்பது வருஷ அனுபவத்தைச் சொன்னார்.

"சலாகே திகாயியே, ஸாப்," என்று ஓட்டிக் காட்டச் சொல்லிப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.

சிக்னல் வரை ஓட்டிக் காட்டினார். அதுவரை அவருடைய இடது கால் கிளட்ச்சை விட்டு இறங்கவே இல்லை.