பூட்டு என்று பேர் வாங்கியவர்

உப்புக் கிண்ணத்தை ஒற்றை விரலால் தள்ளுவார். அது வழுக்கிக்கொண்டு போய்த் தண்ணீர்ச் சாடிக்குப் பின்னால், சாடியைத் தொடாமல், விரற்கடை இடைவெளியில் நிற்கும். எதிரே சாப்பிடும் மைத்துனர் நேராகக் கையை நீட்டினால் சாடி இடிக்கும். சுற்றி வளைத்தால் சூடான பாத்திரம் சுடும்.

"அத்தான், உப்பு."

"அங்கதான இருக்கு மச்சான், எடுத்துக்க."

மூன்று மாதமாக மைத்துனர் எழுந்து நின்றுதான் உப்புப் போட்டுக்கொள்கிறார்.

இவர் தொழில்முறை ஸ்னூக்கர் ஆட்டக்காரர். வயது நாற்பத்து நான்கு. ஸ்னூக்கரில் பந்தைக் குழியில் தள்ளினால் புள்ளி. அதற்கு வழியில்லையென்றால் வெள்ளைப் பந்தை வேறொரு பந்தின் மறைவில் ஒளித்துவிட்டு, எதிராளி தவறட்டும் என்று காத்திருக்கலாம். மற்றவர்கள் இந்தத் தற்காப்பை ஆபத்துக்கென்று வைத்திருப்பார்கள். இவருக்கு அதுவே முழுநேர வேலை. ஒளித்துவிட்டு நாற்காலிக்குத் திரும்புவார், துண்டை மடியில் போட்டு நான்காக மடிப்பார். மடித்துவிட்டால் இனி உன் பாடு என்று அர்த்தம். அரங்கத்தில் இவருக்குப் 'பூட்டு' என்று பெயர். அன்பாக வைத்த பெயர் அல்ல.

நான் அந்த வீட்டுக்குப் போனது இவருக்காக அல்ல. இவருடைய மாமியார் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருக்கிறார். பகல் முழுவதும் அவரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், தவறினால் முதுகில் புண் வரும். அதற்கு இரண்டு ஆள் வேண்டும். மகள் வேலைக்குப் போய்விடுவார். மகனுக்கு, அதாவது அந்த மைத்துனருக்கு, சரியாக அந்த நேரத்தில் போன் வரும். கடிகாரத்தைப் பார்த்து, கூப்பிடாமலே கட்டிலின் மறுபக்கம் வந்து நின்றவர் மருமகன்தான். மூன்று மாதத்தில் ஒரு புண்கூட வரவில்லை. வராத புண்ணுக்கு யாரும் கை தட்டியதில்லை. நாற்பது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், எனக்குத் தெரியும்.

முப்பது வருடம் மேசை மேல் குனிந்த கழுத்து. ஒருநாள் பிடித்துவிடச் சொன்னார். தொட்டால் நனைந்து காய்ந்த கயிறு மாதிரி இருந்தது.

"என்ன தம்பி, இவ்வளவு கோவத்த எங்க வெச்சிருந்தீங்க?"

"மேசை மேலதான் சிஸ்டர். கோவத்துலதான் ஒளிச்சு வெக்கிறேன். கோவம் இல்லாதவன் அடிச்சு ஜாலியா ஆடிட்டுப் போயிடுவான்." கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு அடிக்கு நான் எத்தனை செகண்ட் எடுக்கிறேன்னு டிவி ஓரத்துல நம்பர் போடுறான். அடுத்தவனுக்கு நான் எத்தனை சான்ஸ் குடுக்கலன்னு ஒரு நம்பர் போடுறானா?" என்றார்.

மைத்துனர்தான் இவருடைய ஆட்டங்களையும் சட்டையில் ஒட்டும் விளம்பரங்களையும் பார்த்துக்கொள்பவர். ஆட்டக் குச்சியைக் கையால் தொட்டவர் அல்ல. சாப்பிடும்போது பாடம் எடுப்பார்.

"அத்தான், ஜனங்க டிக்கெட் வாங்குறது பந்து விழறதப் பாக்க. ஒளிஞ்சு வெளயாட அவங்கவங்க வீட்டுலயே கொழந்தைங்க இருக்கு."

போன வருடம், இந்தப் பருவத்தின் தொடக்கத்தில், இவர் அந்தப் பேச்சைக் கேட்டார். கடைசி பிரேம், அதாவது முடிவைத் தீர்மானிக்கும் சுற்று. மேசையின் மறுகோடியில் ஒரு சிவப்புப் பந்து. பாதுகாப்பாக ஆடியிருக்கலாம். அரங்கமே 'அடி, அடி' என்றது. அடித்தார். குழியின் உதட்டில் பட்டுத் திரும்பியது. எதிராளி மீதிப் பந்துகளையெல்லாம் குழியில் தள்ளி மேசையைத் துடைத்துவிட்டுப் போனான். இவருக்குக் கைத்தட்டல் கிடைத்தது. நல்ல முயற்சி என்று எழுதினார்கள். தரவரிசையில் அறுபத்தேழாம் இடத்துக்கு இறங்கினார். பருவம் முடியும்போது முதல் அறுபத்து நான்கு இடத்தில் இருப்பவர்களுக்குத்தான் அடுத்த பருவத்தில் தொழில்முறை இடம். அடிக்கச் சொன்ன வாய்களில் ஒன்றுகூட அதற்குப் பொறுப்பேற்கவில்லை. அடுத்தவர் கழுத்தின் மேல் ஏறி உட்கார்ந்து வீரம் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

இந்தப் பருவத்தின் கடைசிப் போட்டி போன வாரம் நடந்தது. வென்றால் அறுபத்து மூன்று. தோற்றால் வீடு. நானும் மாமியாரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். ஐந்துக்கு ஐந்து என்று நின்று, கடைசி பிரேமுக்கு வந்தது. இவர் முப்பத்தொரு புள்ளி முன்னால். எதிராளி இருபத்திரண்டு வயது வேகக்காரன். இவர் வெள்ளையைப் பழுப்புப் பந்துக்குப் பின்னால் வைத்தார். அவன் மேசை ஓரத்தில் மோதவிட்டுச் சிவப்பைத் தொட்டுத் தப்பித்தான். பச்சைக்குப் பின்னால் வைத்தார். அதிலிருந்தும் தப்பித்தான். இப்படியே இருபது நிமிடம்.

"மாப்பிள்ளை ஆட்டத்துல ஒரு பந்தும் விழலியே சிஸ்டர், ஓட்டைய எல்லாம் அடச்சிட்டாங்களா?" என்றார் மாமியார்.

அரங்கத்தில் கேலியாக விசில் அடித்தார்கள். ஒருவன் சத்தமாகக் குறட்டை விட்டான், கூட்டம் சிரித்தது. வர்ணனையாளர் தனக்குப் பாய் கொண்டுவரச் சொன்னார். சம்பளம் வாங்கிக்கொண்டு பேசுகிற பேச்சு. கடைசியில் நடுவர் குனிந்து, பந்துகளை மறுபடி அடுக்கி முதலிலிருந்து ஆடலாமா என்று இருவரையும் கேட்டார். பையன் உடனே தலையாட்டினான். அவனுக்கென்ன, முப்பத்தொரு புள்ளியும் அழிந்துபோகும். இவர் முடியாது என்று ஒரே ஒருமுறை தலையசைத்தார். அரங்கம் ஊளையிட்டது. ஆளுக்கு இன்னும் மூன்று அடி, அதற்குள் நிலைமை மாறாவிட்டால் அடுக்கியே ஆக வேண்டும் என்றார் நடுவர்.

இரண்டாவது அடியில் இவர் வெள்ளையைக் கறுப்பின் முதுகோடு ஒட்டினாற்போல் நிறுத்திவிட்டு, போய் உட்கார்ந்து துண்டை மடித்தார். பையன் மேசையை இரண்டு முறை சுற்றினான். கூட்டம் அவன் பெயரைச் சொல்லிக் கத்தியது. பொறுமை விட்டுப்போய் ஓங்கி அடித்தான். சிவப்புகள் நாலாபக்கமும் சிதறின, ஒன்றும் விழவில்லை. இவர் எழுந்து வந்து, சிதறியவற்றை ஒவ்வொன்றாகக் குழியில் தள்ளினார். தேவையான புள்ளி வந்ததும் பையன் தோல்வியை ஒப்புக்கொண்டு கையை நீட்டினான். இவர் வெளியே நடக்கும்போதும் விசில் நிற்கவில்லை. வென்றவரை விசிலடித்து அனுப்பினார்கள்.

மறுநாள் மதியம், மேசையில் சாப்பாடு எடுத்து வைத்திருந்தேன். மைத்துனர் போனைக் காதில் வைத்தபடியே வந்து உட்கார்ந்தார்.

"அத்தான், சேனல்ல உங்க சார்பா நான் மன்னிப்புக் கேட்டுட்டேன். அடுத்த பருவத்துல தாக்கி ஆடுவார், நான் பொறுப்புன்னும் சொல்லிட்டேன். நேரலைல இருக்காங்க. ஆமான்னு ஒரு வார்த்த, அவ்வளவுதான்."

மன்னிப்பு. யாரிடம், எதற்கு? என் கையில் கரண்டி இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் போனை ஒலிபெருக்கியில் போட்டு இவர் முன்னால் வைத்துவிட்டார்.

"வணக்கம் சார்," என்றது போன். "ரசிகர்கள் உங்க பதிலுக்காகக் காத்துட்டிருக்காங்க."

இவர் முதலில் உப்புக் கிண்ணத்தைச் சாடியின் மறைவிலிருந்து எடுத்து, மைத்துனரின் தட்டருகே வைத்தார். பிறகு போனின் விளிம்பில் ஒற்றை விரலை வைத்துத் தள்ளினார். அது பேசிக்கொண்டே வழுக்கிப் போய், சாடியைத் தொடாமல், காலியான அந்த இடத்தில் நின்றது. நாற்காலியில் சாய்ந்து, மடியிலிருந்த துண்டை எடுத்து நான்காக மடித்தார்.