செட்டக்காவுக்கு லீவு வேணும்

அகராதி ஆபீஸ்ல அவங்களுக்குப் பேரே செட்டக்காதான். ‘செட்’ங்கிற ஒரே இங்கிலீஷ் சொல்லோட பதினோரு வாரமா மல்லுக்கட்டுறாங்க. ஒரு அர்த்தத்துக்கு ஒரு அட்டை. மேஜைல மூணு செருப்பு டப்பா நிறைய அட்டை!

அங்க ஒரு வழக்கம், கையில இருக்குற வேலையை முடிச்சாதான் லீவு. சொல்லே அதிகமில்லாத எக்ஸ் எழுத்து கிடைச்சவர் ஒண்ணரை நாள்ல முடிச்சுட்டு பையைத் தூக்கினாரு. “வரட்டாக்கா? நீங்க டப்பாவோட குடும்பம் நடத்துங்க.”

“போப்பா. அடுத்த தடவை இதை உன் தலைலதான் கட்டப்போறேன்.”

சிரிச்சாங்க, ஆனா கண்ணு ரெண்டும் எரியுது. தனியா இருக்குற தங்கச்சி குளியலறைல வழுக்கி மணிக்கட்டை உடைச்சுக்கிட்டாங்க. தினமும் போன்: “எப்பக்கா வர்ற? ஒத்தக் கையால தலை வாரிப் பாரு, தெரியும்.”

“வெள்ளிக்கிழமை முடிச்சிடுவேன்டி.”

இதுல என்னை அசர வெச்சது என்னன்னா, ‘செட்’ ஒரே சொல்லு இல்லீங்க, ரெண்டு சொல்லு! அலாரம் வைக்கிறது, சூரியன் மறையுறது, ஜெல்லி இறுகுறது எல்லாம், ‘உட்கார வை’ன்னு அர்த்தம் தர்ற பழைய இங்கிலீஷ் சொல்லோட வழி. டீ கப் ஒரு செட்டுங்கிறோமே, அது லத்தீன்ல பின்னாடி போற கூட்டத்தைச் சொன்ன சொல்லு, பிரெஞ்சு வழியா வந்தது. “ஒரே முகஜாடை, ஆனா வேற வேற வீட்டுப் புள்ளைங்க”ம்பாங்க அக்கா. பிரிச்சு அடுக்கவே அஞ்சு வாரம்.

வெள்ளிக்கிழமை டப்பாவெல்லாம் எடிட்டர் மேஜைக்குப் போச்சு. லீவு ஃபாரத்துல கையெழுத்தும் விழுந்துச்சு. உடனே தங்கச்சிக்கு போன். “கெளம்பிட்டேன்டி. டாக்டர் என்ன சொன்னாரு?”

“எலும்பை செட் பண்ணியாச்சாம். அசைக்காம இருந்தா போதுமாம்.”

அக்கா மனசுக்குள்ளயே அட்டையெல்லாம் புரட்டினாங்க. விலகின எலும்பை இடத்துல சேர்க்குறதும் ‘செட்’தான். மூணு டப்பாவுலயும் அது இல்ல!

சொல்லாம கெளம்பியிருக்கலாம், யாருக்குத் தெரியும்? ஒரு அட்டை கூடினாலும் எடிட்டர் முதல்லேர்ந்து படிக்கணும், வேலை முடியாத கணக்கு, லீவும் போச்சு. பையைத் தோள்ல மாட்டினாங்க. அப்புறம் நின்னுக்கிட்டே அட்டையை எழுதி, லீவு ஃபாரத்தோட கொண்டுபோய் வெச்சாங்க.

“முடியல சார். இன்னும் ஒண்ணு இருக்கு.”

எடிட்டர் கண்ணாடியைக் கழட்டி முகத்தைத் துடைச்சாரு. “எத்தனை நாள் லீவு கேட்டீங்க?”

“பத்து.”

“இதையெல்லாம் திரும்பப் படிக்க எனக்குப் பதினஞ்சு நாள் ஆகும். இங்க உட்கார்ந்து என் மூஞ்சியையா பார்க்கப்போறீங்க? போயிட்டு வாங்கம்மா.”

பஸ்ல உட்கார்ந்ததும் தூங்கிட்டாங்க. முழிச்சுப் பார்த்தா, தங்கச்சி வீட்டைத் தாண்டி ரெண்டு ஸ்டாப்!