இரவல் கட்டில்

சதுரங்கப்பட்டினத்தை ஒட்டிய எங்கள் குப்பத்தில், எழுபதுகளில், ஆஸ்பத்திரி என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. பிரசவம் பார்ப்பதற்கென்று கவர்மென்ட் கட்டியது. கதவில் பூட்டு, உள்ளே பஞ்சாயத்துத் தலைவரின் சிமெண்டு மூட்டைகள். நர்சம்மா செங்கல்பட்டில் இருந்துகொண்டு சம்பளத்தை மட்டும் ஒழுங்காக வாங்கிவந்தார். தலைவரைப் பகைத்துக்கொண்டு யார் குப்பத்தில் காலம் தள்ளுவது? ஒருவரும் வாய் திறக்கவில்லை.

எனக்கு அடுத்துப் பிறந்த தம்பி, செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மாட்டுவண்டியிலேயே பிறந்து, அதிலேயே இறந்துபோனான். அம்மா பிழைத்ததே பெரும்பாடு. அதனால் மறுபடி அவள் நிறைமாதமாக இருந்தபோது வீட்டில் ஒருவர் முகத்திலும் களை இல்லை. அப்பா கடலுக்குக்கூடப் போகாமல் வாசலிலேயே உட்கார்ந்திருப்பார்.

அந்தச் சமயம் பார்த்து, ஆஸ்பத்திரியைப் பார்வையிடப் பெரிய டாக்டர் வருகிறார் என்று தகவல் வந்தது. அடேயப்பா, என்ன சுறுசுறுப்பு! மூட்டைகள் மாயமாயின, சுவரில் சுண்ணாம்பு ஏறியது, தலைவர் வீட்டுக் கட்டில் வந்து இறங்கியது. நர்சம்மாகூட வந்துவிட்டார். நோயாளிக்கு எங்கே போவது? தலைவரே எங்கள் வீட்டுக்கு வந்து, டாக்டர் வந்து போகும்வரை அம்மா அந்தக் கட்டிலில் படுத்திருந்தால் போதும் என்றார். அப்பாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அம்மாதான் எழுந்து கூந்தலை முடிந்துகொண்டாள்.

பெரிய டாக்டர் கட்டிலருகே வந்ததும், அதுவரை சும்மா படுத்திருந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறினாள். பிரசவம் முடியும்வரை நர்ஸ் இந்த இடத்தை விட்டு நகரக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டு அவர் ஜீப்பில் ஏறினார். தலைவரின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரே வேடிக்கை. நர்சம்மா பஸ்ஸுக்குக் கிளம்பப் பையைத் தூக்கினால் அம்மாவுக்கு வலி வரும். பையைக் கீழே வைத்தால் நின்றுவிடும். நடுவில் நான் கொண்டுபோன மீன்குழம்புச் சோற்றை வழித்துச் சாப்பிட்டாள். வலி என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று நானும் நம்பினேன். மறுநாளும் இதே கதை. சாயங்காலம் நர்சம்மா பையை மூலையில் வைத்துவிட்டுக் கட்டில் ஓரமாக உட்கார்ந்தார்.

“நான் எங்கயும் போவல. சும்மா கத்தினு கெடக்காத, தூங்கு.”

அம்மா அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். பொழுது விடிந்தபோது தங்கை பிறந்தாள். கழுத்தில் கொடி சுற்றியிருந்ததாம். வண்டியில் போயிருந்தால் அவளும் தங்கியிருக்க மாட்டாள் என்று நர்சம்மா சொன்னதும், அப்பா அவர் காலில் விழப்போனார். நர்சம்மா தலையைக் குனிந்தபடி விலகிக்கொண்டார்.

குழந்தையோடு நாங்கள் வீட்டுக்குக் கிளம்பிய அன்றே அவர் செங்கல்பட்டு பஸ் ஏறிவிட்டார். தலைவரின் ஆட்கள் கட்டிலைத் தூக்க வந்தார்கள். வாசலில் மூட்டைகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. எங்கள் சித்திக்கு அப்போது ஆறு மாதம். குழந்தையைப் பார்க்க ஓடிவந்தவள், குழந்தையை விட்டுவிட்டு, கட்டில் போவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா, நான் இன்னா பண்ணுவேன்?”

அம்மா குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, சித்தியின் முகத்தைப் பார்க்காமல் விறுவிறுவென்று நடந்தாள். எனக்குச் சித்தி மேல்தான் எரிச்சல். கொழுக்மொழுக்கென்று ஒரு பாப்பா பிறந்திருக்கிறது, போயும் போயும் யார் வீட்டுக் கட்டிலுக்கோ இவள் அழுகிறாளே என்று நினைத்தேன்.