அப்பாவின் இலை

“அம்மப்பான்ர இலை எது?” கிண்டர்கார்டன் போகும் வழியில் என் நான்கு வயது மகள் என் அப்பாவைப் பற்றிக் கேட்கும் இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை.

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் நான் வளர்ந்த தெரு ஒரு காலத்தில் சுரங்கத் தொழிலாளரின் தெரு. அங்குள்ள ரயில் பாலத்தின் சுவரில் ஒரு பெரிய ஓவியம் இருக்கிறது. கீழே கரிய நிலக்கரி. அதிலிருந்து எழும் சுரங்கக் கோபுரம் மேலே போகப் போக மரமாகிறது. அதன் இலைகள் எல்லாம் தெருவாரின் கைகள், பச்சைச் சாயத்தில் தோய்த்துப் பதித்தவை. சுரங்கம் மூடிய இடத்திலும் ஏதாவது துளிர்க்கும் என்பது அதன் பொருளாம்.

அது வரையப்பட்டபோது எனக்கு எட்டு வயது. நிலக்கரி முழுவதும் என் அப்பா பூசியது. உணவகச் சமையலறை வேலைக்கு லீவு போட்டு, இரண்டு நாள் முழங்காலில் நின்று பூசினார். கையுறையை மட்டும் கழற்றவே இல்லை. சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுத் துருக்கியர், இவ்வளவு சுத்தமான சுரங்கத் தொழிலாளியைத் தன் ஆயுளில் கண்டதில்லை என்றார். எல்லோருடனும் சேர்ந்து அப்பாவும் சிரித்தார்.

மூன்றாம் நாள் இலைகள். அம்மா வைத்தார். நான் வலக்கையை வைத்தேன். அப்பா ஓரமாகத் தூரிகைகளைக் கழுவிக்கொண்டே நின்றார்.

“வாங்கோ அப்பா, எல்லாரும் வச்சிட்டினம்.”

“எனக்கு ஏலாது பிள்ளை. என்ர இலையையும் நீயே வையன்.”

“கை ஊத்தையாகும் எண்டு பயமோ?”

“ஓம், அப்பிடியே வச்சுக்கொள்.”

கோபத்தில் இடக்கையைச் சுவரில் அறைந்தேன். பெருவிரல் வழுக்கி நீண்டுவிட்டது.

எனக்குத் திருமணமான பிறகுதான் அம்மா சொன்னார். அப்பா இந்த நாட்டுக்கு அகதியாக வந்த முதல் நாள், பத்து விரல்களுக்கும் கறுப்பு மை பூசி, ஒவ்வொன்றாக உருட்டிப் பதிவெடுத்தார்களாம். நான் என்ன குற்றம் செய்தேன் என்று கேட்க அவருக்கு மொழி தெரியாது. மை போகும்வரை கைகளைக் காற்சட்டைப் பைக்குள் வைத்தபடியே திரிந்தாராம். “அதுக்குப் பிறகு விரும்பி ஒரு இடத்திலையும் கை பதிக்கமாட்டார்” என்றார் அம்மா.

அந்த மரம் நிற்கும் கறுப்பு முழுவதும் அதே கைகள் பூசியது. பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் என் நடை தானாக நிமிர்கிறது.

மகளுக்கு என் இடக்கை இலையைக் காட்டிவிட்டேன். பொய்யா என்று தெரியவில்லை. நான் தூக்கிப் பிடிக்க, அவள் தன் கையை அதன்மேல் வைத்துப் பார்த்து, “அம்மப்பாக்குக் குட்டிக் கை” என்றாள்.

இந்தக் கோடையில் சுவரைப் புதுப்பிக்கிறார்கள். முன்பு விடுபட்டவர்களும் வந்து கை பதிக்கலாம் என்று கடிதம் வந்திருக்கிறது. அம்மப்பாவைத் தானே கூப்பிடப் போவதாக மகள் சொல்கிறாள். அவள் கேட்டால் அவர் மறுக்கமாட்டார். அதுதான் என் பயம். கேட்க விடுவதா, அந்தக் குட்டிக் கையே போதும் என்று தடுப்பதா? இப்படியொருவர் உங்கள் வீட்டிலும் இருந்தால், நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.