அப்பாவின் டோச்

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாதம் நினைவில்லை. தேயிலைத் தோட்டத்தில் வேலையில்லாத நாள் என்பதால் கிழமையில் சந்தேகமில்லை. நாவுலவிலிருந்து காலை பஸ்ஸில் வந்த பெரியப்பா, எங்கள் லயத்து வீட்டின் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்து, வாக்கும் கொடுத்துவிட்டு வந்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் கேட்டது ஒன்றுதான்: பெண் படிப்பை இதோடு நிறுத்திவிட வேண்டும்.

அத்தை அப்பாவின் தங்கை. கம்பஸில் சமூகவியல் படித்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு வருடம் மிச்சமிருந்தது. அப்பாவோ தன் அண்ணன் பேச்சை ஒருநாளும் தட்டியதில்லை. அதனால் அத்தை யாரிடமும் வாதாடவில்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், தோழியிடம் இரவல் வாங்கிய டேப் ரெக்கோடரை நடுவீட்டில் வைத்தாள். குடும்பங்களில் முடிவெடுப்பது யார் என்று விசாரித்து வரச் சொல்லியிருக்கிறார்களாம்.

“கம்பஸ்ல எல்லாரும் கேப்பாங்க. கொஞ்சம் பாத்துப் பேசுங்கண்ணே” என்று சொல்லிப் பொத்தானை அழுத்தினாள்.

போட்டோ பிடிக்கப்போகிறார்கள் என்பதுபோலப் பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இந்த வீட்டுல முடிவெடுக்கிறது யாரு?”

“நான்தான்” என்றார் அப்பா. அடுப்படியில் அம்மா இருமினாள்.

“பொம்பளப் புள்ள படிக்கிறதா வேணாமாங்கிறத?”

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். “அத அந்தப் புள்ளகிட்டதானே கேக்கணும். முடியிற மட்டும் படிக்கட்டும். எங்க அண்ணனும் அதத்தான் சொல்வாரு.”

பெரியப்பா பெட்டியைப் பார்த்தார். கம்பஸ் முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும் பெட்டி அது.

“ஆமா… படிக்கட்டும், படிக்கட்டும்.”

அத்தை பொத்தானை விட்டதும் அவர் அப்பா மீது பாய்ந்தார். “மாட்டிவிட்டுட்டியேடா! அவங்களுக்கு நான் என்னத்தச் சொல்றது?”

“என்னண்ணே செய்யிறது, பதிவாயிருச்சே.”

பொழுது சாய்ந்ததும் பெரியப்பாவை ரோட்டில் விட்டுவர அப்பா டோச்சோடு கிளம்பினார். அந்த வாரமெல்லாம் மங்கிக் கிடந்த டோச், அன்று பளிச்சென்று எரிந்தது.

இங்கே அத்தை, அதுவரை மடியைவிட்டு இறக்காத பெட்டியில் டேப்பைப் போட்டுக் கேட்கப் பார்த்தாள். அது ஓடவில்லை. பெட்டியின் பின்மூடியைக் கழற்றினாள். உள்ளே ஒரு பட்டரிகூட இல்லை.

அப்பா திரும்பி வந்ததும், “அண்ணே, ஒண்ணுமே பதிவாகல” என்றாள்.

“அதுக்கென்ன? பெரியண்ணன் சொன்னது சொன்னதுதானே.”

அத்தை அப்பாவையும் அவர் கையிலிருந்த டோச்சையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள்.

எனக்கோ பட்டரி கவலை. எங்கேயோ விழுந்திருக்கும் என்று கட்டிலுக்கு அடியில் புகுந்து வெகுநேரம் தேடினேன். இருட்டில் தெரியவில்லை என்றேன். அப்பா குனிந்து டோச்சை நீட்டினார்.

“இந்தா, நல்லாத் தேடு.”